யோசனை கூடிப் போனவளும் ஒன்பது கேள்விப் படிவமும்

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘யோசனை’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டிப் பயனில்லை. “யோசிக்காதீங்க” என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். “அவளுக்கு யோசனை கூடிப் போச்சு” என்றால், ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கொழுந்தெடுக்கக் கை ஓடவில்லை, காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்கு வந்தாலும் யாரோடும் பேச்சில்லை என்பதெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் உள்ள அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். விளங்காமல் போக வாய்ப்புள்ளவர், பஸ் பிடித்து டவுனுக்கு வந்தால் ஆஸ்பத்திரியில் எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர்தான்.

அதற்காக டாக்டரைக் குறை சொல்ல முடியாது. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் நாட்டின் அரச கரும மொழி. ஆனால் சட்டத்தில் இருக்கும் மொழி, கிளினிக் மேசைக்கு எல்லா நாளும் வந்து சேர்வதில்லை. தமிழ் தெரிந்த சிற்றூழியரோ, பக்கத்து வரிசையில் நிற்கும் இன்னொரு நோயாளியோதான் பல நேரம் மொழிபெயர்ப்பாளர். தோட்டத் தமிழ் சிங்களமாகிறது. டாக்டர் அதை ஆங்கிலத்தில் எழுதுகிறார்.

முதல் தாவலில் பெரிய சேதமில்லை. சிங்களத்தில் ‘கல்பனாவ’ என்ற சொல் இருக்கிறது. அதுவும் மனதைப் போட்டு உழப்புவதைத் தாங்கும். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் ‘நிறையச் சிந்திக்கிறார்’ என்ற வெறும் செய்தியாக அது வற்றிவிடுகிறது. நிறையச் சிந்திப்பவருக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? அதனால் அவள் உடம்பைக் காட்டுகிறாள். நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, மேலெல்லாம் வலி. பெனடோல் கொடுத்து அனுப்புகிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் இதே கதைதான்.

உலகமெங்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயன்படும் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. ‘பிஎச்க்யூ-9’ என்பது அதன் பெயர். 2001இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் அது அறிமுகமானது. கேள்விகள் ஒன்பது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். இரண்டாவது கேள்வியில்தான் மொழிபெயர்ப்பாளரின் தலைவலி ஆரம்பம். ஆங்கில மூலம், மனம் ‘கீழே’ இருக்கிறதா என்று கேட்கிறது. ஸ்பானிய மொழிக்கு இது சிரமமே இல்லை. அங்கே சோர்ந்தவர் ‘தெகாயிதோ’, அதாவது விழுந்தவர். திடீர்ச் சோர்வுக்கு ‘பஹோன்’ என்பார்கள், அதுவும் இறக்கம்தான். தமிழில் மனசு விழுவதை விட வேறு காரியங்களே அதிகம் செய்கிறது. பாரமாகிறது, உடைந்துபோகிறது, வெறுத்துப்போகிறது. “மனசு விட்டுப் போச்சு” என்று ஒருத்தி சொன்னால், எதிலும் நாட்டமில்லையா என்று கேட்கும் முதல் கேள்விக்கே அவள் பதில் சொல்லிவிட்டாள். படிவத்தை வைத்திருப்பவருக்கு அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே மொழிக்குள்ளும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஸ்பானியத்தில், மெக்ஸிகோவிலும் கொலம்பியாவிலும் ‘பேனா’ என்றால் கூச்சம், வெட்கம். ஸ்பெயினில் அதுவே துக்கம். நமக்கு ‘வருத்தம்’ இருக்கிறது. சென்னையில் அது மனத்துயர், யாழ்ப்பாணத்தில் நோய். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பதுளையில் “என்ன வருத்தம்?” என்று கேட்டால், கால்வலியைச் சொல்வதா, கட்டாருக்குப் போன மகளைச் சொல்வதா? ‘மன அழுத்தம்’ என்பதும் அப்படியே. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அதை மனச்சோர்வு நோய்க்கே பயன்படுத்துகின்றன. இலங்கையில் அது பெரும்பாலும் வேலைப் பளுவால் வரும் நெருக்கடி. மனநல ஆலோசனைக்கு இடப்பட்ட ‘உளவளத்துணை’ என்ற பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழையும் லயத்துப் பாட்டி யாராவது உண்டா என்பது சந்தேகமே. ஆனால் புதுச்சொல் எல்லாமே தோற்பதில்லை. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் பாதிப்புக்கு ‘மனவடு’ என்ற பெயரில் எழுதினார். வடு என்னவென்று தெரியாதவர் இல்லாததால் அது கேட்டவுடன் புரிகிறது.

மக்கள் சொல்லிலேயே கேட்டால் என்ன கிடைக்கும்? கரீபியன் தீவான புவேர்ட்டோ ரீக்கோவில் பார்க்கலாம். 1985 அக்டோபரில் அங்கே பெருமழையும் மண்சரிவும் வந்தன; போன்சே நகரின் மாமேயெஸ் குடியிருப்பு புதைந்துபோனது. பிறகு நடந்த கணக்கெடுப்பில் ‘அத்தாக்கே தெ நெர்வியோஸ்’ வந்ததா என்றும் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது. நரம்பு தாக்குவது என்று சொல்லலாம்: நடுக்கம், கதறல், நெஞ்சுக்குள் சூடு ஏறுவது. சுமார் 16 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மருத்துவப் புத்தகத்தின் சொற்களை மட்டும் கொண்டு கேட்டிருந்தால் இதில் எவ்வளவு வெளியே வந்திருக்கும்?

பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கும் அப்படிப் புதைக்கும் மண் புதிதல்ல. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மண்ணுக்குள் போன பெற்றோர் உண்டு. அப்படித் தப்பும் பிள்ளை மழைச் சத்தம் கேட்டாலே உதறினால், தோட்டத்தில் அதற்குப் பெயர் ‘பயந்த கோளாறு’. வேப்பிலை அடித்து, மந்திரித்து, நூல் கட்டுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் இதற்கு நெருங்கிய உறவு ‘சூஸ்தோ’. அதிர்ச்சியில் உயிர் உடம்பை விட்டு விலகிவிட்டது என்று சொல்லி, அதைத் திரும்ப அழைக்கும் சடங்கு செய்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் சூஸ்தோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பயந்த கோளாறு இன்னும் அந்த வாசல்படி ஏறவில்லை.

அதே கையேட்டில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒன்று இருக்கிறது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் அதன் பொருள், அளவுக்கு மீறி யோசிப்பது. பதுளைக்காரிக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம்! ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டம் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. கிளினிக் முற்றத்தில் ஒரு மர இருக்கை. அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார். சோர்வு நோயா என்று கேட்காமல் யோசனை கூடிவிட்டதா என்று கேட்டார்கள். அதனால் உண்மையிலேயே குணம் தெரிந்தது என்பதை 2016இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் கோயில் திண்ணையும் உள்ள தோட்டத்தில் இப்படியொரு இருக்கைக்கு இடம் தேட வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் ஒரு கட்டுரையில் குறும்பான கேள்வி கேட்டார். எதிலும் நம்பிக்கையற்று உலகமே துக்கமயம் என்று ஒருவர் சொன்னால் மேற்கத்திய மருத்துவம் அவரை நோயாளி என்கிறது. என் ஊரில் அவர் நல்ல பௌத்தர் அல்லவா என்றார். லயத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும், அரைகுறையாக. “எல்லாம் தலவிதி” என்பது அங்கே தினமும் புழங்கும் பேச்சு; அதற்காக எல்லோரையும் படிவத்தில் ஏற்ற முடியாது. சம்பளமும் வீடும் நிலமும் கேட்கிற குரலை மாத்திரை கொடுத்து உட்கார வைப்பதும் நியாயமில்லை.

ஆனால் சாவு நினைப்பைப் பற்றிக் கேட்கும், படிவத்தின் ஒன்பதாவது கேள்வியில் இந்தத் தாராளம் ஆபத்து. “செத்துட்டாத் தேவல” என்பது அலுப்பில் வரும் பேச்சாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். சிங்களத்துக்கு மாற்றுகிறவர் அதைச் சாதாரணப் புலம்பல் என்று நினைத்து விழுங்கிவிட்டால், டாக்டர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி வராமலே போய்விடும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மறுமுனையில் இருப்பவரிடம், லயத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப் போலவே சொல்லலாம்: “யோசனை கூடிப் போச்சு, மனசு விட்டுப் போச்சு.” எத்தனை நாளாக என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.