கீசருக்குள் கரையும் கம்பி

வெந்நீர் வராவிட்டால் முதலில் காயிலைத்தான் சந்தேகப்படுவோம். காயில் போனால் மாற்றலாம், தெர்மோஸ்டாட் போனாலும் மாற்றலாம். உள்ளே இருக்கும் டேங்க் ஓட்டையானால்தான் கீசரையே தூக்கிப் போட வேண்டும். எனவே 15, 25 லிட்டர் கீசர் வைத்திருப்பவர்கள் காப்பாற்ற வேண்டியது டேங்கை.

பெரும்பாலான டேங்குகள் இரும்புத் தகடு. உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் எங்காவது நுண்ணிய கீறல் இருக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் வெந்நீர் பட்டால் துரு பிடிக்கும். அதைத் தடுக்க டேங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கடையில் ஆனோடு ராடு என்று கேட்டால் தெரியும். இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும் உலோகம் என்பதால், தண்ணீரின் அரிப்பை அது வாங்கிக்கொள்ளும், இரும்பு தப்பிக்கும். 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் இருந்த செப்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பொருத்திப் பார்த்தார். அதே உத்திதான் இது. தகடு தப்பியது. செம்பு கரையாததால் கப்பலடியில் கடல் உயிரினங்கள் மொய்த்துக்கொண்டது வேறு கதை.

கம்பி கரைந்து தீர்ந்தால் அரிப்பு டேங்குக்குத் தாவும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போலச் சுடும். வெந்நீர் மட்டும் பழுப்பாக வரும்போது பாதி நேரம் காரியம் கெட்டிருக்கும். போர் தண்ணீர் உள்ள வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுவிலுள்ள இரும்பு தெரிந்தாலோ புதியது போட வேண்டும். மேலே துடைத்துவிட்டு “எல்லாம் நல்லாயிருக்கு சார்” என்று பில் நீட்டுவது சர்வீஸ் ஆகாது; கம்பியைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் உப்பு படிவது குறையும், ஆனால் கம்பி இன்னும் வேகமாகக் கரையக்கூடும். சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குகளில் இந்தக் கம்பியே இருக்காது.

அடுத்தது உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து காயிலில் ஒட்டும். இட்லிப் பானையின் அடியில் படியும் வெள்ளைதான் அது. சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயிலிலேயே தங்குவதால், மின்சாரமும் வீண், காயிலும் வெடிக்கும். சூடு ஏற ஏறப் படிவு கூடும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்காக வெதுவெதுப்பான தண்ணீரை நாள்கணக்கில் தேங்கவிடவும் கூடாது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அதில் வளரும். படிவைக் கரைக்க எலுமிச்சை உப்புக் கரைசல் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட் உலோகத்தையே தின்றுவிடும்.

கீசருக்கு அடியில் உள்ள சேஃப்டி வால்வு, தண்ணீர் சூடாகும்போது சொட்டுவது இயல்பு. சூட்டில் தண்ணீர் விரிகிறது; 25 லிட்டரில் கால் லிட்டருக்கு மேலேயே கூடும். சொட்டுகிறதே என்று எம்சீல் வைத்து அடைத்தால், அழுத்தம் முழுவதும் டேங்கின் மேல் விழும். அது ஆயுளைக் குறைப்பதோடு நிற்காது, டேங்கே வெடிக்கலாம். எந்நேரமும் சொட்டினால் வால்வை மாற்றுங்கள்.

எந்த வேலைக்கும் முன்பு சுவிட்சோடு எம்சிபியையும் அணையுங்கள். வேலை முடிந்தபின் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்று போய்த் தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். காலி டேங்கில் சுவிட்சைப் போட்டால் புதுக் காயிலும் சில நிமிடங்களில் கருகிவிடும்.