‘ஷ்ட்ராஸெ’: ஒரு சொல்லின் வரலாறு

செருமன் மொழியில் தெருவைக் குறிக்கும் பெருவழக்குச் சொல் ‘ஷ்ட்ராஸெ’ என்பதாகும். அம்மொழியின் பழஞ்சொல் போலத் தோன்றினும் இஃது இலத்தீனினின்று கடன்கொண்ட சொல்லே. இலத்தீனில் ‘வியா ஸ்ட்ராட்டா’ என்னும் தொடர் ‘கல் பாவிய வழி’ எனப் பொருள்படும். பரப்புதலைக் குறிக்கும் ‘ஸ்டெர்னெரெ’ என்னும் வினையடியாகப் பிறந்தது ‘ஸ்ட்ராட்டா’. நாளடைவில் ‘வியா’ மறைய, அடைமொழியே பெயராய் நின்றது. உரோமானியர் அமைத்த சாலைகளோடு அவற்றின் பெயரும் செருமானிய மக்களிடம் சென்று சேர்ந்தது.

இக்கடன் எக்காலத்தது? சொல்லின் ஒலியே இதற்குச் சான்று பகரும். உயிரை அடுத்து நின்ற டகரம் உயர்செருமனில் ஸகரமாகத் திரிந்தது. ஆங்கில ‘வாட்டர்’ செருமனில் ‘வாஸர்’ ஆதல் காண்க. ஆங்கில ‘ஸ்ட்ரீட்’டிற்கு இணையாக ‘ஷ்ட்ராஸெ’ நிற்பதும் அம்முறையே. ஆதலின் அத்திரிபு நிகழுமுன்னரே இச்சொல் வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். ஆறாம் நூற்றாண்டினரான தூர் நகரத்துக் கிரெகோரி ‘ஸ்ட்ராட்டெபுர்கும்’ எனக் குறித்த நகரமே இன்று செருமனில் ‘ஷ்ட்ராஸ்புர்க்’ எனப்படுகின்றது. முன்னதில் டகரமும் பின்னதில் ஸகரமும் நிற்றல் கருதத்தக்கது.

இனிப் பொருளை நோக்குவோம். வழியைக் குறிக்கும் ‘வேக்’ இயக்கப் பொருள் கொண்ட அடியிற் பிறந்தது. ‘ஷ்ட்ராஸெ’யோ பரப்பி அமைக்கப்பட்டமையாற் பெற்ற பெயர். ‘காஸெ’ என்பது பொதுவாகக் குறுந்தெருவைச் சுட்டும். வியன்னாவில் இயல்பான தெருக்களுக்கும் அப்பெயர் உண்டு. ‘ஷ்ட்ராஸெ’ நிலத்தோடு நின்றதன்று. ஜிப்ரால்டர் நீரிணைக்கும் அச்சொல் வழங்கும். வானின் பால்வழி ‘மில்ஷ்ட்ராஸெ’ எனப்படும். ‘ஷ்ட்ராஸெக்குச் செல்லுதல்’ என்பது மக்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டுதலையும் உணர்த்தும்.

‘ஸ்ட்ராட்டா’, ‘ஸ்ட்ரீட்’ என்பவற்றைக் கேட்டவுடன் நம் ‘தெரு’வை அவற்றோடு இணைக்க எண்ணுதல் எளிது. ஆயின் ‘ஸ்ட்ராட்டா’வின் ஈற்று டகரம் இலத்தீன் விகுதியின் கூறு, சொல்லின் அடியோ பரப்புதற் பொருளது. வடமொழி ‘விஸ்தார’மும் அவ்வடியின் இனமே. ‘தெரு’விற்கோ மலையாளத் ‘தெருவு’, தெலுங்குத் ‘தெருவு’ எனத் திராவிட மொழிகளிலேயே உறவுச் சொற்கள் உள. சொற்களை உறவாக்குவது செவிக்குத் தோன்றும் ஒப்புமையன்று. முறைப்பட்ட ஒலித்திரிபும் பொருள் வரலாறுமே ஆகும்.