நிழலை விரும்பும் பெரணிகள்

வெயில் விழாத கொல்லைப்புறம் பலருக்கும் ஒரு குறையாகவே தோன்றுகிறது. அங்கே மல்லிகை பூப்பதில்லை, கத்தரி காய்ப்பதில்லை. ஆகவே அவ்விடம் உடைந்த குடங்களுக்கும் பழைய ஓடுகளுக்கும் உரியதாகிவிடுகிறது. அண்டை வீட்டு மாடி உயர உயர, இத்தகைய நிழல் மூலைகள் நம் தெருக்களில் பெருகியே வருகின்றன. வாசக நேயர்களே, அம்மூலைகளில் செழித்து வளரக்கூடிய செடிகள் நம் மண்ணிலேயே உண்டு. அவை பெரணிகள்.

பெயர் புதிதாகத் தோன்றலாம், செடி புதிதன்று. வயலோரத்தில் பறித்து வந்து நாம் சமைத்துண்ணும் ஆரைக்கீரை ஒரு பெரணியே. கொல்லிமலையில் சூப்பு வைத்துக் கொடுக்கிறார்களே, அந்த முடவாட்டுக்கால் கிழங்கும் ஒரு பெரணியின் தண்டுதான். பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில், ஈரம் ஊறிய சுண்ணாம்புச் சுவரின் செங்கல் இடுக்கில், சீப்புப் போன்ற இலைகளுடன் எவரும் நடாமலேயே முளைத்து நிற்கும் செடியும் பெரும்பாலும் பெரணியாகவே இருக்கும்.

இவற்றுக்குப் பூவுமில்லை, விதையுமில்லை. முதிர்ந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகளோ கோடுகளோ ஒழுங்காக அமைந்திருக்கும். அதனைப் பூச்சி என்றும் நோய் என்றும் எண்ணி இலையைக் கிள்ளி எறிந்துவிடும் சகோதரிகள் உண்டு. எறிய வேண்டாம். அப்புள்ளிகளில்தான் தூசியினும் நுண்ணிய வித்துகள் உறைகின்றன. வித்து மண்ணில் விழுந்ததும் நேரே பெரணியாவதில்லை. முதலில், நகத்தினும் சிறிய, பெரும்பாலும் இதய வடிவிலான ஒரு பச்சைத் தகடு உண்டாகிறது. அதன்மீது நீர்ப்படலம் இருந்தால்தான் கருவுறுதல் நிகழ்ந்து, அதிலிருந்து பெரணி எழும். ஈரமில்லாத இடத்தில் பெரணி பெருகாமைக்குக் காரணம் இதுவே. இவ்விரு தலைமுறை வாழ்வை ஹோஃப்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851இல் தெளிவுபடுத்தினார். நம் பகுதிப் பெரணிகளைப் படங்களுடன் பெட்டோம் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1863 முதல் சென்னையிலிருந்து நூலாக வெளியிட்டார்.

சமவெளி வீட்டுக்கு எவை ஏற்றவை? வாள் போன்ற நீண்ட இலையுடைய நெஃப்ரோலெப்பிஸ் இனம் எளிதில் பிழைக்கும். கருமையான மெல்லிய காம்புகளையுடைய அடியாண்டம் அதனினும் அழகியது. அதில் ஒரு வகை தன் இலைநுனி தரையைத் தொட்ட இடத்தில் வேரூன்றிப் புதுச் செடியாகி, இப்படியே நகர்ந்து செல்லும். நம் மலைச்சரிவுகளில் மழைக்காலத்தில் தழைத்து, கோடையில் அது வாடி மறைவதுண்டு. அதனைப் பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள்.

மண் கெட்டியாக இருத்தலாகாது. மட்கிய இலை, ஆற்று மணல், சிறிது அடுப்புக்கரித் துண்டு ஆகியவற்றைத் தோட்டமண்ணுடன் கலந்து, தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லுகளைப் பரப்புங்கள். பெரணி ஈரத்தை விரும்பும். தேங்கிய நீரை விரும்பாது. ஒளுச் செய்யும் நீரைக் கொல்லைக்கு வழிவிட்டால் அதுவே போதுமானது. சோப்பு நீர் வேண்டாம். கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாயின் மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே நலம். உப்பு ஏறினால் இலைநுனி கருகும்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மலைக்குச் சுற்றுலா சென்று திரும்புகையில் பாறையிடுக்குப் பெரணியை வேரோடு பெயர்த்துப் பையில் போட்டு வருவோர் உளர். அவற்றுள் பெரும்பாலானவை சமவெளி வெப்பத்தில் சில நாட்களில் மடிகின்றன. காப்புக்காட்டிலிருந்து எடுப்பதோ சட்டப்படி குற்றம். நீலகிரி, கொடைக்கானல் சோலைகளின் மரப்பெரணிகள் மிக மெதுவாக வளர்பவை. ஒன்று வெட்டப்பட்டால் அவ்விடம் நிரம்பப் பல்லாண்டுகள் ஆகும். முடவாட்டுக்காலின் நிலையும் கவலைக்குரியதே. மண்ணில் விளைவதன்று, பாறையிலும் மரத்திலும் பற்றிப் படர்ந்து, காய்ந்த பழுப்பு இலைகளால் சருகைத் தேக்கித் தனக்குத் தானே எரு சேர்த்துக்கொள்ளும் செடி அது. கிழங்கு என்று நாம் சொல்வதே அதன் தண்டாதலால், முழுவதையும் பெயர்த்தால் மீண்டும் தழைக்க அங்கு எதுவும் எஞ்சாது. செடிக்கடையில் வாங்கும்போது, பதியமிட்டு வளர்த்ததா, காட்டிலிருந்து பெயர்த்ததா என்று கேளுங்கள்.

மற்றுமோர் எச்சரிக்கை. சுவரில் வளரும் ப்டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி, மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்க்க வல்லது என்பதை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் 2001இல் கண்டறிந்தனர். மாசுபட்ட மண்ணைத் தூய்மையாக்க அது உதவும். எனினும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ அதனை அறுத்துப் போடலாகாது.

பணம் செலவிட மனமில்லையெனில் வித்திலிருந்தே வளர்க்கலாம். பழுப்புப் புள்ளி முதிர்ந்த இலையொன்றை வெள்ளைத் தாளில் மடித்து இரண்டு நாள் வையுங்கள்; பொடி உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த செங்கல் துண்டை நீருள்ள தட்டில் நிறுத்தி, அதன்மீது பொடியைத் தூவிக் கண்ணாடிச் சாடியால் மூடி, நிழலில் வைத்துவிடுங்கள். தட்டில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். சில வாரங்களில் கல்லின்மீது பசும்படலம் தோன்றும். பாசியென்று தேய்த்துக் கழுவிவிட வேண்டாம். பெரணியின் முதல் இலை சுருண்டு எழ மேலும் சில மாதங்கள் ஆகும்.