முதல்ல விரிச்ச புடவை!

செவிலிமேட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்ததும் முதல்ல எந்தப் புடவை விரியும்? பெரும்பாலும் கடைக்காரர் தள்ளிவிட நினைக்கிற புடவைதான்! அடுக்கின் அடியில கிடக்கிற அரக்கு பார்டர் வரைக்கும் எத்தனை பேர் பொறுமையா பார்க்கிறோம்?

தேர்தல் நேரத்தில் கூகுளில் வேட்பாளர் பேரைத் தட்டும்போதும் இதே கதைதான். மேலே வர்ற நாலைஞ்சு லிங்க்கைப் பார்த்துட்டு, 'ஆள் இப்படித்தான்'னு முடிவு கட்டிடறோம்.

'அதனால என்ன?'ன்னு கேட்கறீங்களா? 2014 மக்களவைத் தேர்தல் சமயம். ராபர்ட் எப்ஸ்டீன், ரொனால்டு ராபர்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணாத 2,150 இந்திய வாக்காளர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினாங்க. சொந்தமா ஒரு தேடுபொறி தயார் பண்ணி, வாக்காளர்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. எல்லாருக்கும் ஒரே இணையப் பக்கங்கள்தான். வரிசை மட்டும் வேற! ஒரு குழுவுக்கு ராகுல் காந்திக்குச் சாதகமான பக்கங்கள் மேலே. அடுத்த குழுவுக்கு மோடி. மூணாவது குழுவுக்கு கெஜ்ரிவால்.

யார் மேலே இருந்தாரோ, அவர் பக்கம் மனசு சாய்ஞ்சது. வரிசையில் வில்லங்கம் இருக்குன்னு பெரும்பாலானவங்களுக்குத் தோணவே இல்லை! அமெரிக்காவில் நடந்த நாலு சோதனைகளையும் சேர்த்து 2015-ல் ஆய்வு வெளியாச்சு. முடிவெடுக்காதவங்களில் 20 சதவீதம் பேரையோ அதுக்கு மேலேயோ இப்படி மாத்திட முடியும்னு அது சொன்னது.

உடனே 'கூகுள்தான் ஜெயிக்க வைக்குது'ன்னு கிளம்பிடாதீங்க. கூகுள் அப்படிச் செய்ததுன்னு இந்த ஆய்வு நிரூபிக்கலை, கூகுளும் மறுத்தது. ஆனா, 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.நகர் முடிவானது வெறும் 137 ஓட்டில். அங்கே சின்னச் சாய்வு போதாதா?

வழி இருக்கு. 2002-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், வேட்பாளர்கள் தங்கள் மேல உள்ள குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர்றாங்க. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உங்க தொகுதியில நிக்கிற ஒவ்வொருத்தருடையதையும் திறந்து பாருங்க. தேடும்போது ரெண்டாவது, மூணாவது பக்கத்துக்கும் போங்க.

புடவை சரியில்லைன்னா அடுத்த முகூர்த்தத்துக்கு வேற எடுத்துக்கலாம். ஓட்டு அப்படியா? அஞ்சு வருஷம்ங்க! அதையும் புரட்டிப் பார்த்தே எடுங்க.