எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்!

வயல்வெளியில் கலர் கலராகக் கொடிகள். நடுவில், 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று ஒரு போர்டு. பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிலம் அவருடையது, பணமும் அவருடையது. பிறகு ஏன் அவர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அரசு அலுவலகத்துக்கு அலைய வேண்டும்?

இதற்கு விடை சொல்ல, முதலில் ஒரு கப்பல் கதை.

1914-ல் சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸை இங்கே அழைத்தார். உயிரியல் படித்த கெடிஸ், நகரத்தையும் உயிருள்ள ஒன்றாகவே பார்த்தவர். பல நாட்டு நகரங்களின் வரைபடங்களையும் படங்களையும் கொண்ட அவருடைய கண்காட்சி, 'கிளான் கிரான்ட்' என்ற கப்பலில் கிளம்பியது. வழியில் ஜெர்மனியின் போர்க்கப்பல் எம்டன் அதை மூழ்கடித்துவிட்டது! ஆமாம், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசியதே, அதே எம்டன்தான். (கில்லாடியான ஆளைப் பார்த்து, 'சரியான எம்டன்' என்று தாத்தா சொல்வதும் இந்தக் கப்பலை வைத்துத்தான்.)

கெடிஸ் சோர்ந்து போகவில்லை. புதிதாகப் படங்கள் சேர்க்கப்பட்டு, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு ஊர் ஊராகக் கிளம்பினார். மேஜையில் உட்கார்ந்து கோடு போடுகிறவர் அல்ல அவர். தெருத் தெருவாக நடந்து பார்த்த பிறகே பேசுவார். காஞ்சிபுரத்தைப் பார்த்து அசந்து போனார். கோவில், தேர் ஓடும் அகலமான வீதி, வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. இதற்கு ஈடான நகர அமைப்பு இந்தியாவிலோ, வெளியிலோ தனக்குத் தெரியவில்லை என்று எழுதினார்.

1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. இப்போது இருப்பது 1971-ம் ஆண்டு சட்டம்.

இன்று காஞ்சிபுரத்தில் ஒருவர் புதிதாக 'நகர்' போட நினைத்தால், நகரமைப்பு அதிகாரிகள் அந்த வரைபடத்தை அலசுகிறார்கள். சாலை போதிய அகலம் இருக்கிறதா? மழைத் தண்ணீர் ஓடும் கால்வாய் மனைக்குள் மறைந்துவிட்டதா? இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். நீங்கள் கிரிக்கெட் ஆடும் இடம் இப்படி வந்ததாகக்கூட இருக்கலாம்!

காஞ்சியில் இன்னொரு சங்கதியும் உண்டு. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோவில், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்ட, தனி அனுமதி வேண்டும். 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் இப்படிச் சொல்கிறது.

கல் கோவிலுக்குக் காவல் இருக்கிறது. சரி, தறிக்கு?

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தரையில் குழி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்கிறார்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதற்கு உயரமான கூரை தேவை. இந்த வீட்டை இரண்டாம் மாடி பிளாட்டுக்கு மாற்றினால் குழியை எங்கே தோண்டுவது? பாவு நூலை வீட்டுக்குள் விரிக்கவும் முடியாது. ஒரு புடவைக்கு 6 மீட்டர் என்றாலும், மூன்று புடவைக்கான பாவுக்கு 18 மீட்டர் ஆகிறதே! அதனால்தான் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கிறார்கள். கார் நிறுத்த எத்தனை இடம் என்று விதி கேட்கிறது. பாவு விரிக்க இடம் எங்கே என்றும் காஞ்சியில் கேட்டால்தானே நியாயம்? ஊருக்கான முழுமைத் திட்டம் தயாராகும்போது, பொதுமக்கள் ஆட்சேபனையும் யோசனையும் எழுதித் தரலாம். இதையும் எழுதலாமே!

பாவு விரிப்பதைப் பார்க்க ஆசையா? விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால், சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்!