ஐரோப்பியப் பெயர்களிற் காடு

ஐரோப்பியக் குடும்பப் பெயர்களிலும் இடப்பெயர்களிலும் காடு அடிக்கடி தோன்றக் காண்கிறோம். இவற்றை இயற்கை வருணனையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. காட்டோடு மக்கள் கொண்ட உறவும், காட்டின்மீது எழுந்த அதிகாரமும் இப்பெயர்களிற் பதிந்துள்ளன. இவற்றை மூவகைப்படுத்தி நோக்குவோம்.

முதல்வகை, காட்டருகே வாழ்ந்தமையைச் சுட்டுவன. ஆங்கிலத்தில் அற்வூட், பிரெஞ்சு மொழியில் டுபுவா ஆகிய குடும்பப் பெயர்கள் இத்தகையன. வட ஜேர்மனியின் ஹோல்ஸ்ரைன், ‘காட்டில் வாழ்வோர்’ எனப் பொருள்பட்ட மக்கட் பெயரிலிருந்து தோன்றியது. மூலப்பொருள் மறக்கப்பட்டபின், அதன் ஈறு கல்லைக் குறிக்கும் ‘ஸ்ரைன்’ என்பதாகத் திரிந்தது.

இரண்டாம்வகை, காடழித்து விளைநிலமாக்கிய உழைப்பைச் சுட்டுவன. பழைய ஆங்கிலத்திற் காட்டையும், பின்னர் காட்டிடை வெளியையும் குறித்த சொல்லொன்று இன்று ‘லி’ என்னும் ஈறாக நிற்கிறது. வீற்லி என்பது கோதுமை விளைந்த வெளியாகும். ஜேர்மன் மொழியில் ‘ரோடன்’ என்பது காடு வெட்டித் திருத்துதலாகும். அவ்வழி வந்த வேர்னிகரோட 1121 இலும், பைரொயிற் 1194 இலும் ஆவணங்களில் முதன்முதல் இடம்பெறுகின்றன. மக்கட்டொகை பெருகி, மத்திய ஐரோப்பியக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்ட காலம் அது. வெட்டியவர்களின் பெயர்கள் மறைந்தன; அவர்களது உழைப்பே ஊர்ப்பெயராய் எஞ்சியது.

மூன்றாம்வகை, அதிகாரத்தைச் சுட்டுவன. 1066 இன் நோர்மானிய வெற்றிக்குப் பின் இங்கிலாந்தில் ‘பொறெஸ்ற்’ என்பது சட்டச் சொல்லாயிற்று. மரம் இருப்பினும் இல்லாவிடினும், மன்னனது வேட்டைச் சட்டத்துக்குட்பட்ட நிலம் யாவும் அதனுள் அடங்கியது. அதன் காவலனே போர்ஸ்ரர். வேலியிட்ட வேட்டைநிலத்தின் காவலன் பார்க்கர். மன்னனின் மானைக் கொன்றவன் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என 1217 ஆம் ஆண்டின் வனப் பட்டயம் விதித்தமை, முந்திய தண்டனைகளின் கொடுமையைப் புலப்படுத்தும்.

எனினும், பெயரைக்கொண்டே ஒருவரது பூர்வீகத்தை முடிவுசெய்தல் தவறாகும். ‘காடு’ எனும் இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘சில்வா’, போர்த்துக்கேயர் 1505 இல் இங்கு வந்ததைத் தொடர்ந்து, ஞானஸ்நானத்தின் வழியாக இலங்கையருக்கும் குடும்பப் பெயராயிற்று. இங்கு அப்பெயர் எந்தக் காட்டையும் சுட்டவில்லை. குடியேற்ற ஆட்சியையும் மதமாற்றத்தையுமே சுட்டுகிறது. சொல்லின் வேரை அறிவதோடு, அது எவர் வழியாக எவரை வந்தடைந்தது என்பதையும் ஆராயும்போதே பெயராய்வு சமூக வரலாறாகும்.