காயம்பட்ட வேங்கையும் கையிலுள்ள தோட்டாவும்



திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்திலே, காட்டு முயலைத் தவறாது கொன்ற அம்பினைக் காட்டிலும், யானைமீது எறிந்து குறி தப்பிய வேலினை ஏந்துவதே இனிது என்கிறார் வள்ளுவர். எடுத்த முயற்சியின் பெருமை நோக்கிச் சொன்ன சொல் அது. ஆயின், குறி முழுவதும் தப்பாமல் பாதி தப்பினால் என்ன செய்வது? அடிபட்ட விலங்கு சாகாமல் பற்றைக்குள் மறைந்துவிட்டால் அதன் பின்னே போகவேண்டியவர் யார்? போகிறவர் கையில் எதனைக் கொண்டு போவது? வேட்டை இலக்கியம் இவ்வினாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்த விலங்கு வேங்கையாகவோ சிறுத்தையாகவோ இருந்துவிட்டால், விடை தவறியவனுக்கு மறுபரீட்சை கிடையாது.

வேட்டை இலக்கியம் என்றதும் நினைவுக்கு வருபவர் ஜிம் கோர்பெற். 1875இல் இமயமலைச் சாரலின் நைனிதாலில் பிறந்து, 1955இல் கென்யாவில் மறைந்தவர். குமாயுன் மலைநாட்டின் ஆட்கொல்லிகளைப் பற்றி அவர் எழுதி 1944இல் வெளிவந்த நூலே அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. அந்நூலின் முன்னுரையில் ஒரு கணக்குச் சொல்கிறார். புலி மனிதனைத் தின்னத் தொடங்குவதற்குப் பத்தில் ஒன்பது சந்தர்ப்பங்களில் காயமே காரணம். எஞ்சிய ஒன்றுக்கு முதுமை காரணம்.

அக்கணக்குக்குச் சான்றாக நிற்பது சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றது எனப் பதிவு பெற்ற விலங்கு அது. 1907இல் அதனைச் சுட்டு வீழ்த்திய பின் கோர்பெற் அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்து மேல், கீழ் வேட்டைப் பற்கள் இரண்டும் முறிந்திருந்தன. மேற்பல் பாதியளவிலும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்து போயிருந்தது. என்றோ ஒருவர் வைத்த வெடியின் வேலை அது. இயல்பான இரையைக் கவ்விக் கொல்ல முடியாமற் போன புலி, எளிதிற் கொல்லத்தக்க இரையைத் தேடிக்கொண்டது. ஒரு குறைவெடியின் வட்டியை நானூற்றுக்கு மேற்பட்டோர் உயிரால் கட்டினர்.

ஆகவே, காயம்பட்ட விலங்கின் பின்னே போவதை வீரத்தின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. அது கடன் தீர்ப்பது. விலங்கின் வேதனைக்குத் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று. நாளை அவ்வழியே விறகுக்கும் புல்லுக்கும் போகும் ஏழைக்குத் தீர்க்கவேண்டிய கடன் மற்றொன்று. இதனை மனத்திலிருத்திக் கொண்டு தோட்டாவின் கதைக்கு வருவோம்.

காயம்பட்ட பெரும்பூனை எப்பொழுதும் ஓடித் தப்பப் பார்ப்பதில்லை. சிறிது தூரம் சென்று, தான் வந்த வழியை நோக்கிப் படுத்துக்கொள்ளும். சிறுத்தைக்கு முயல் மறையும் அளவு புல் போதும். பின்தொடர்பவன் காலடிக்கு அருகில் வரும்வரை மூச்சுக் காட்டாது கிடந்து, பின் ஒரே பாய்ச்சலாகப் பாயும். சிறுத்தையின் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 58 கிலோமீற்றர். அதாவது ஒரு செக்கனுக்கு 16 மீற்றர். பத்து மீற்றர் தூரத்துப் பற்றையிலிருந்து அது அவ்வேகத்தில் எழுந்து வந்தால், மனிதனுக்குக் கிடைப்பது முக்காற் செக்கனுக்கும் குறைவான அவகாசம். தூரத்துக் குறிக்கென்று செய்யப்பட்ட நீண்ட றைபிளையோ தொலைநோக்கிக் கண்ணாடியையோ பயன்படுத்த அங்கே இடமில்லை. இதனாலேயே பலர் இரட்டைக்குழல் சன்னத் துவக்கை நாடினர். தோளில் வைத்ததும் கண் போன வழியே குழல் போகும். இரண்டாவது வெடிக்கு விரலை மாற்றினாற் போதும்.

இத்துவக்குகளில் நமக்கு நன்கு தெரிந்தது 12 போர். இங்கே போர் என்பது யுத்தமன்று, குழலின் துளை. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலமான துளை கொண்ட குழல் 12 போர். விட்டம் ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீற்றர். துவக்கு ஒன்றாயினும் அதனுள் இடத்தக்க தோட்டாக்கள் பல. காட்டுக்கோழிக்கும் கொக்குக்கும் உரிய நுண்சன்னங்கள் ஒருவகை. பெருஞ்சன்னங்கள் இன்னொரு வகை. நம்மூர் வேட்டைக்காரர் வாயில் அடிபடும் எஸ்.ஜி. இவ்வகையைச் சார்ந்தது. பிரித்தானிய அளவையில் ஓர் அவுன்சுக்கு எட்டுச் சன்னம் நின்றால் எஸ்.ஜி.; ஆறு நின்றால் எல்.ஜி. எஸ்.ஜி. சன்னம் ஒன்றின் எடை மூன்றரைக் கிராம்; எல்.ஜி. ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது வகை, குழலை நிறைக்கும் ஒற்றைக் குண்டு. ஏறத்தாழ முப்பது கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளது.

இவற்றுள் எதனை எடுப்பது? இரண்டு விடயங்கள் இதனைத் தீர்மானிக்கின்றன: சன்னம் விரிதல், சன்னம் ஊடுருவல்.

முதலில் விரிதல். குழலை விட்டு வெளியேறிய சன்னங்கள், குழலுக்குக் குழல் வேறுபட்டாலும், மீற்றருக்கு ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் என்ற அளவில் அகன்று செல்லும். நாலைந்து மீற்றரில் எல்லாச் சன்னமும் ஓர் உள்ளங்கையளவு இடத்தில் ஒன்றாய் விழும். ஒன்பது சன்னமும் ஒரே முட்டியால் குத்தியது போல. இருபது மீற்றரில் அவை அரை மீற்றர் வட்டத்துக்குச் சிதறிவிடும். நேரே பாய்ந்து வரும் சிறுத்தையின் உயிர்நிலையோ ஒரு சோற்றுக்கோப்பையிலும் சிறியது. அங்கே படவேண்டிய ஒன்பதில் இரண்டோ மூன்றோதான் படும். மற்றவை பக்கத்தாற் போகும். அல்லது காலிலும் வயிற்றிலும் பட்டுக் காயத்துக்கு மேற் காயம் சேர்க்கும்.

அடுத்தது ஊடுருவல். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் சாய்த்து, கடைசியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாட்டு. உயர்வு நவிற்சி என்று சொல்லி நாம் அதனைக் கடந்துவிடுவோம். எனினும் புலவர் வியந்த பொருள் எது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. குறி தவறாமையோடு அவர் நின்றுவிடவில்லை. பட்டபின் உள்ளே செல்லும் ஆற்றலையே விரித்துரைத்தார். நீண்ட அம்பு தன் முனைக்குப் பின்னால் எடையைச் சுமந்து செல்வது. உருண்டைச் சன்னத்துக்கு அவ்வாறான பின்பலம் இல்லை. காற்றிலும் தசையிலும் அது விரைவில் வேகம் இழக்கும். முப்பது முதல் எழுபது கிலோ எடையுள்ள சிறுத்தையின் மெல்லிய உடலுக்குக் கிட்டத்தில் அது போதும். இருநூறு கிலோ வேங்கையின் தோள் எலும்புக்கும் நெஞ்சுத் தசைக்கும் அதனை நம்பமுடியாது.

கோர்பெற்றின் வாழ்வில் நிகழ்ந்த இரு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலாவது, முன்னே சொன்ன சம்பாவத் புலி. றைபிளுக்கு மூன்றே தோட்டாக்களைக் கொண்டு போன கோர்பெற், புலியைக் காயப்படுத்திய நிலையில் அவை தீர்ந்துபோக, ஓடிச்சென்று அவ்வூர்த் தாசில்தாரின் கையிலிருந்த பழைய சன்னத் துவக்கைப் பிடுங்கி வந்தார். குழலுக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்த துவக்கு அது. உள்ளே உருளைக் குண்டு. இருபதடி தூரத்தில், பிளந்த வாயை நோக்கிச் சுட்டார். குண்டு வாயிற் படவில்லை. வலது பாதத்திற் பட்டது. பின்னர் அதனைத் தம் விரல் நகத்தாலேயே தோண்டி எடுத்ததாக எழுதுகிறார். முந்திய றைபிள் வெடிகளால் புலி ஏற்கனவே இறக்கும் தறுவாயில் இருந்தபடியால் அவர் பிழைத்தார். குண்டு பெரிதுதான், தூரமும் கிட்டத்தான். ஆயினும் தேய்ந்த துவக்கிலிருந்து புறப்பட்ட குண்டு தோலுக்குக் கீழே போகவில்லை.

இரண்டாவது, 1910இல் பனார் சிறுத்தை. நானூறு பேரைக் கொன்றதாகப் பதிவான இதன் வரலாறு, 1954இல் வெளிவந்த அவரது மற்றொரு நூலில் உள்ளது. கட்டிய ஆட்டை நாடி இருளில் வந்த சிறுத்தையை மரத்திலிருந்து சுட்டார். அது காயத்தோடு மறைந்தது. தீப்பந்தம் ஏந்திய கிராமத்தவர் பின்னே வர, கோர்பெற் துவக்கோடு முன்னே நடந்தார். ஓடமாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். சிறுத்தை உறுமிக்கொண்டு பாய்ந்ததும் அத்தனை பேரும் ஓடினார்கள். ஓடும் அவதியில் கீழே விழுந்த பந்தங்கள் எரிந்துகொண்டே கிடந்தன. அவ்வொளியில், வந்த சிறுத்தையின் நெஞ்சில் பெருஞ்சன்னத்தை இறக்கினார். கதை முடிந்தது.

இவ்விரண்டிலிருந்தும் எழும் விதி எளியது. சிறுத்தையாயின், பற்றை அடர்த்தியாயின், சந்திப்பு ஐந்து பத்து மீற்றருக்குள் என்பது உறுதியாயின், பெருஞ்சன்னம் தகும். வெளி அகன்றால் அதனை நம்பக்கூடாது. வேங்கைக்கும் சிங்கத்துக்கும் பாரக் குண்டெறியும் இரட்டைக்குழல் றைபிளே உரியது. ஆபிரிக்க வேட்டை வழிகாட்டிகள் தாங்கும் .470 வகை றைபிளின் குண்டு 32 கிராம் எடையோடு செக்கனுக்கு ஏறத்தாழ 650 மீற்றர் வேகத்தில் செல்வது. சன்னத் துவக்கே கையிலிருந்தால், ஈயம் நசுங்கிப் பரவாத கடினமான ஒற்றைக் குண்டு நல்லது. ஜேர்மனியரான வில்ஹெல்ம் பிறெனெக்கே 1898இல் உருவாக்கிய குண்டு இவ்வகையில் பேர்பெற்றது. சன்னத்தையும் குண்டையும் ஒரே குழலிற் பயன்படுத்த, குழல் வாயருகே மட்டும் சுருள்வரி வெட்டும் முறைக்கு 1885இல் பொஸ்பெரி என்னும் படை அதிகாரி காப்புரிமை பெற்றார். அத்துவக்குக்கு இட்ட பெயர் பரடொக்ஸ். நம் மொழியிற் சொன்னால், முரண்!

தோட்டாவைத் தெரிந்தெடுத்தல் என்பது பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் படிப்பதோடு முடிவதில்லை. தன் குழலில் அத்தோட்டா எப்படி விரிகிறது என்பதைத் தாளில் சுட்டு அறிந்திருத்தல் வேண்டும். பழைய காகிதத் தோட்டாக்கள் மழைக்கால ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் இறங்க மறுக்கும். ஆகையால் ஒவ்வொன்றையும் முன்னரே இட்டுப் பார்த்தல் வேண்டும். பறவைச் சன்னத்தையும் பெருஞ்சன்னத்தையும் ஒரே பைக்குள் கலந்து வைத்தலாகாது. அவசரத்தில் கை எதனையும் எடுக்கும். உடன் வருபவர் எங்கே நிற்பார், எத்திசையில் சுடமாட்டார் என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும். சிதறும் சன்னத்துக்கு நண்பன் பகைவன் தெரியாது.

இக்கதை நமக்கும் தூரத்ததன்று. மட்டக்களப்புப் பாதையிலுள்ள புணானையில் குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்ற சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகர் என்னும் கப்டன் சுட்டார். அக்காலம் போய்விட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 1937இல் தொடங்கிப் பின்னர் திருத்தப்பட்டு வந்த கட்டளைச் சட்டமும் இவ்விலங்குகளைக் காக்கின்றன. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் மட்டும் அனுமதிப் பத்திரத்தோடு வேட்டை நடைபெறுகிறது. நம் நாட்டில் காயம்பட்ட சிறுத்தையை நெருங்குபவர் இன்று மிருக வைத்தியர். அவர் துவக்கில் உள்ளது மயக்க ஊசி.

துவக்கு ஓய்ந்தது, காயம் ஓயவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை மீட்டெடுத்தும், சில நாட்களில் அது இறந்துபோனது. பன்றிக்கென்று சுருக்கு வைப்பவன், அதில் எது மாட்டியது, எது அறுத்துக்கொண்டு போனது என்று பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. எந்தத் தோட்டாவை எடுப்பது என்று நடுநிசியில் தடுமாறிய அக்கால வேட்டைக்காரனிடம் ஆயிரம் குறை இருக்கலாம். தான் ஏற்படுத்திய காயத்தைத் தேடித் தானே நடந்தான் என்ற ஒன்று அவனிடம் இருந்தது. பாயும் விலங்கின் முன்னே நிற்கும் துணிவு எல்லோருக்கும் வேண்டியதில்லை. தான் வைத்த காயத்துக்குத் தானே பொறுப்பு என்ற நினைவு எல்லோருக்கும் வேண்டியது.